பாட்டே இல்லாத ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

கொட்டகலை_தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் வேலை செய்கிற என் அண்ணன் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'தி எண்ட்லெஸ் ரிவர்' ஆல்பத்தைக் கட்டாயம் கேட்கச் சொன்னார். மேகத்தின் மேல் ஒருவன் படகு வலித்துக்கொண்டு போகிற அட்டைப்படத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, ஏனென்றால் விடியற்காலையில் எங்கள் தோட்டத்து மேல்மலையில் நின்று பார்த்தால் கீழே அப்படியேதான் இருக்கும். ஆனால் கேட்க உட்கார்ந்தால் பிடி கிடைக்கவில்லை. மொத்தம் 18 துண்டு, பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்துக்கொண்டே இருந்தேன், கடைசியில்தான் ஒரே ஒரு பாட்டு வந்தது, அதற்குள் எனக்குக் களைத்துவிட்டது. இளையராஜா கேட்டு வளர்ந்தவன் நான். வரி இருந்தால் மனது அதைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்விடும், இதில் எதைப் பிடிப்பது? போதாததற்கு அன்றைக்கு நல்ல மழை, தகரக் கூரைச் சத்தத்தில் மெல்லிய இடங்கள் எதுவும் காதில் விழவில்லை. விட்டுவிடவும் மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனிமூட்டம்:
தம்பி, 18 என்று எண்ணியதில்தான் சிக்கல். அது இசைத்தட்டின் பக்கங்கள் மாதிரி நான்கு பக்கமாகப் பிரித்துச் செய்த ஆல்பம். ஒவ்வொரு பக்கத்திலும் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிப்போகும், நடுவில் நிறுத்தினால் அறுந்துவிடும். ஒரு பக்கம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஒரு இரவுக்கு ஒரு பக்கம் போதும். போனில் வரிசையைக் கலைத்துப் போடுகிற ஷஃபிள் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், எதைப் பிடிப்பது என்று கேட்டீர்கள், கீபோர்டைப் பிடியுங்கள். அதை வாசித்த ரிச்சர்ட் ரைட் 2008இல் இறந்துவிட்டார், ஆல்பம் வந்ததோ 2014இல். 1993இல் 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்துக்காக அவரும் கிட்டார்காரர் டேவிட் கில்மோரும் டிரம்ஸ்காரர் நிக் மேசனும் சேர்ந்து வாசித்துப் பதிவுசெய்ததில் மிஞ்சியதை எடுத்து, மற்ற இருவரும் அதன் மேல் புதிதாக வாசித்துச் சேர்த்துத்தான் இதை முடித்தார்கள். அதனால் சில இடங்களில் கிட்டார் வந்து பதில் சொல்லும்போது, எதிரில் இருக்கிற கீபோர்டுக்காரர் உயிரோடு இல்லை என்பது நினைவுக்கு வரும். எனக்கு அது தெரிந்த பிறகு மூன்றாம் பக்கத்தைச் சும்மா கேட்க முடியவில்லை. அதில் 'ஆட்டம் 68' (Autumn '68) என்று ஒரு சின்னத் துண்டு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இருக்கிற பெரிய குழாய் ஆர்கனை அவர் 1960களின் கடைசியில் வாசித்த பதிவு அது. ஒன்றரை நிமிடம்தான். அதை மட்டும் தனியாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்புத்தளை_அக்கா:
தம்பி, வரி இல்லாத இசை நமக்குப் புதிது இல்லை. அடுத்த மலையில் தப்பு அடித்தால் அது சாவு வீடா, காமன் கூத்தா, கோயில் திருவிழாவா என்று இங்கே இருந்தே நமக்குத் தெரிகிறது, யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்தக் காதுதான் இதற்கும் வேண்டும்.

ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு நான் இந்த ஆல்பத்தைக் கொடுக்க மாட்டேன். பனிமூட்டம் கோபிக்க வேண்டாம், அந்தக் குழுவின் மற்ற ஆல்பங்களோடு பழகியவர்களுக்குத்தான் இது முழுதாகத் திறக்கும். கேமல் என்ற ஆங்கிலேயக் குழு 1975இல் 'தி ஸ்நோ கூஸ்' என்று ஒன்று செய்தது, அதில் பாட்டு வரி என்பதே கிடையாது, ஆனால் உள்ளே ஒரு கதை ஓடுகிறது. சதுப்பு நிலத்தில் தனியாக இருக்கும் ஓவியன், காயம்பட்ட வாத்தைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வரும் சிறுமி, பிறகு போர். ஓவியனுக்கு ஒரு மெட்டு, சிறுமிக்கு ஒரு மெட்டு. அந்த மெட்டு திரும்ப வரும்போது ஆளே திரும்ப வந்த மாதிரி இருக்கும். கதையை முதலில் தெரிந்துகொண்டு கேளுங்கள், வரி இல்லாத குறையே தெரியாது.

இன்னொன்று, நீங்கள் இளையராஜா ஆள் என்கிறீர்கள். 1986இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' கேட்டீர்களா? தியாகராஜருக்கும் பாக் (Bach) என்ற ஜெர்மானிய இசையமைப்பாளருக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம், வயலின்தான் பேசும். அது ராக் இல்லை, சரி, ஆனால் பாடகருக்காகக் காத்திருக்கிற பழக்கத்தை என்னிடமிருந்து எடுத்தது அதுதான்.

நானுஓயாக்காரன்:
மழைக்கு ஒரே வழி காதை நன்றாக மூடுகிற ஹெட்ஃபோன். இல்லாவிட்டால் மழை விடும் வரை பொறுங்கள், சத்தத்தைக் கூட்டிக் காதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பதுளை ரயிலில்தான் கேட்பேன். பட்டிப்பொலைக் குகைக்கு இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் வெயில் என்று மாறுகிற இடத்தில் நல்ல கிட்டார் வந்து சேர்ந்தால், இரண்டு நாளைக்கு அது மனதை விட்டுப் போகாது.

கொட்டகலை_தம்பி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டாம் பக்கம் மட்டும் கேட்டேன், கீபோர்டைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கினேன், ஆனால் 'ஸ்கின்ஸ்' வந்ததும் டிரம்ஸ் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா சொன்ன தப்புச் சத்தம் சரியாக அங்கேதான் ஞாபகம் வந்தது. முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து போட்டேன். பாட்டு வரவில்லையே என்று இந்த முறை தோன்றவே இல்லை. 'ஸ்நோ கூஸ்' கதையை அண்ணனிடம் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரும்போது சொல்கிறேன் என்றார். இன்றைக்கு மழை இல்லை, மூன்றாம் பக்கம் போடப்போகிறேன்.