கோத்தகிரி படிப்பகம்: எல்லாத்தையும் ஃபிளாட்பேக்குக்கு மாத்தலாமா?

தேயிலைமேடு:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு படிப்பகத்துல 5 பழைய லேப்டாப். உபுண்டு 24.04, 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க். நெட் போன் ஹாட்ஸ்பாட்தான், நாளைக்கு 1.5 ஜிபி. லிப்ரேஆபிஸ், விஎல்சி, இங்க்ஸ்கேப் வேணும். பசங்க கொண்டுவர்ற பென்டிரைவ் எல்லாம் இதுலதான் சொருகுவாங்க. சாண்ட்பாக்ஸ் (ஆப்பை மத்த ஃபைல்கள்ல இருந்து பிரிச்சு வைக்கிற வேலி) இருந்தா பாதுகாப்புன்னு எல்லாத்தையும் ஃபிளாட்பேக்குக்கு (அந்த வேலியோட ஆப் தர்ற முறை) மாத்தலாமா?

முனையக்காரன்:
மாத்தினா மட்டும் பாதுகாப்பு வந்துடாது. ஃபிளாட்ஹப்ல (ஃபிளாட்பேக் ஆப் கிடைக்கிற தளம்) இருக்கிற லிப்ரேஆபிஸுக்கு ‘ஹோஸ்ட்’ அனுமதி ஏற்கெனவே திறந்திருக்கு, பயனரோட ஃபைல் எல்லாமே அதுக்குத் தெரியும். ஹோம் ஃபோல்டர்ல எழுத முடிஞ்சாலே போதும்: டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடுற பாஷ்ஆர்சி ஃபைல்ல ஒரு வரி சேர்த்தா, அடுத்த தடவை டெர்மினல் திறக்கும்போது அது சாண்ட்பாக்ஸுக்கு வெளியே ஓடும்.

ஃபிளாட்சீல்ங்கிற அனுமதி மாத்துற ஆப்பைப் போட்டு ஹோஸ்ட், ஹோம் ரெண்டையும் அணைங்க. அப்புறம் ‘ஓப்பன்’ மெனு வழியா எடுக்கிற ஃபைல் மட்டும் போர்ட்டல் (வேலியில இருக்கிற வாசல் மாதிரி) மூலமா உள்ளே வரும். இதுல ஒரு சிக்கல்: இங்க்ஸ்கேப்ல லிங்க் பண்ணின படங்கள் காணாமப் போகும், ஏன்னா பக்கத்துல இருக்கிற ஃபைல் அதுக்குத் தெரியாது. படம் இருக்கிற ஃபோல்டரை மட்டும் சேர்த்து, பாதைக்குப் பின்னால முக்காற்புள்ளியும் ‘ஆர்ஓ’வும் போட்டா வாசிக்க மட்டும் அனுமதி.

மழைக்காடு:
இடமும் பாருங்க. ஆப் ஓடத் தேவையான பொது ஃபைல் தொகுப்புதான் ரன்டைம்; க்னோம் ரன்டைம், கேடிஇ ரன்டைம் தனித்தனியா இறங்கும். முதல் நாளே உங்க டேட்டா தீர்ந்துடும். ஒரே ரன்டைமை எத்தனை ஆப் பகிர்ந்தாலும் ஒரு பிரதிதான், ஆனா பதிப்பு மாறினா பழசும் தங்கிடலாம். அப்பப்போ ‘அன்இன்ஸ்டால்’ கட்டளையை ‘அன்யூஸ்டு’ ஆப்ஷனோட ஓட்டுங்க.

ஒரு நல்லதும் உண்டு. பேட்டரி செத்த லேப்டாப், மழைக்குக் கரண்ட் போற ஊர்: டெப் (உபுண்டுவோட வழக்கமான தொகுப்பு) அப்டேட் பாதியில நின்னா டிபிகேஜி கான்ஃபிகர் கட்டளையை ஓட்டிச் சரிபண்ணணும். ஃபிளாட்பேக்ல புதுசு முழுசா இறங்குற வரைக்கும் பழசு அப்படியே இருக்கும்.

உபுண்டுவோட ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்ங்கிற இன்னொரு தொகுப்பு முறையில வருது. அது தினம் நாலு தடவை அப்டேட் தேடும், ‘ரெஃப்ரெஷ் ஹோல்டு’ போட்டு வைங்க. நெட் கிடைக்கிற நாள்ல மறக்காம நீங்களே அப்டேட் பண்ணணும், பிரவுசரைப் பழசா விடக்கூடாது.

தேயிலைமேடு:
அஞ்சுலயும் தனித்தனியா இறக்கணுமா?

முனையக்காரன்:
வேண்டாம். அஞ்சுலயும் ஃபிளாட்ஹப் ரிமோட்டுக்கு (ஆப் இறங்குற மூலத்தோட பதிவு) ‘ஆர்க்.ஃபிளாட்ஹப்.ஸ்டேபிள்’னு கலெக்‌ஷன் ஐடி கொடுத்து ஒரு தடவை அப்டேட் ஓட்டுங்க. ஒண்ணுல ஆப் இறக்கி ‘கிரியேட்-யுஎஸ்பி’ கட்டளையால பென்டிரைவுக்கு ஏத்துங்க, ரன்டைமும் கூடவே வரும். மத்த நாலுல இன்ஸ்டால் பண்ணும்போது ‘சைடுலோடு-ரெப்போ’ ஆப்ஷன்ல பென்டிரைவோட மறைஞ்ச ‘ஆஸ்ட்ரீ’ ஃபோல்டருக்குள்ள இருக்கிற ‘ரெப்போ’வைக் காட்டுங்க.

விஎல்சியை மட்டும் டெப்லயே விட்டுடுங்க. லிப்ரேஆபிஸும் இங்க்ஸ்கேப்பும்தான் வெளி ஃபைலை அதிகம் திறக்கும், அந்த ரெண்டுக்கு ஃபிளாட்பேக் போதும்.