அழுத்தத்தில் மாசணுக்கள்: ஆய்வகத்தில் பட்ட பாடு

ஆய்வு மாணவனாக இருந்த இரண்டாவது வருடம். சிலிக்கானை மாசணுவாக, அதாவது படிகத்தில் கொஞ்சமாய்ப் புகுந்த வேற்று அணுவாக, கலந்த காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியை வைரப் பட்டடைக் கலனில் வைத்து அழுத்தும் வேலை. இரண்டு வைர முனைகளுக்கு நடுவே எஃகுத் தகடு, அதில் கால் மில்லிமீட்டர் துளை. அதற்குள் சாம்பிள், ஒரு ரூபித் துணுக்கு, அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்த மெத்தனால்-எத்தனால் கலவை. ஊசி முனையால் ரூபியைத் தள்ளும்போது மூச்சு விட்டால் போச்சு. எனக்கு மூன்று முறை பறந்தது.

அந்த ரூபிதான் அழுத்தமானி. லேசர் பட்டால் அது விடும் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கோடு, ஒவ்வொரு ஜிகாபாஸ்கலுக்கும் (சுமார் பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம்) 0.365 நானோமீட்டர் நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். கோட்டைத் தருவது அலுமினியம் ஆக்சைடில் புகுந்த குரோமியம், அதுவும் ஒரு மாசணுதான். ஒரு மாசணுவை வைத்து இன்னொன்றை அளக்கிறோம்!

காலியம் ஆர்சனைடு சாதாரணமாக 870 நானோமீட்டர் பக்கம் ஒளிரும், கண்ணுக்குத் தெரியாது. திருகைத் திருகத் திருக, அதன் பட்டை இடைவெளி (எலக்ட்ரான் கட்டுண்டு கிடக்கும் பட்டைக்கும் ஓடித்திரியும் கடத்து பட்டைக்கும் நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி) ஜிகாபாஸ்கலுக்குச் சுமார் 0.1 எலக்ட்ரான் வோல்ட் விரியும், ஒளிர்வும் குறைந்த அலைநீளத்துக்கு நகரும். சிலிக்கானின் ஆற்றல் மட்டம் கடத்து பட்டைக்குச் சற்றுக் கீழேதான், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறும். 2 ஜிகாபாஸ்கலுக்கு மேல் போனால் அதே சிலிக்கான் ஆளே மாறிவிடும். தன் இடத்தைவிட்டு நகர்ந்து, எலக்ட்ரானை ஆழத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். டிஎக்ஸ் மையம் என்பது இதுதான்.

சரி, என் கூத்துக்கு வருகிறேன். 3.4 ஜிகாபாஸ்கல் வாக்கில் ரூபிக் கோட்டின் அடிப்பகுதி திடீரென்று அகன்று கிடந்தது. மெத்தனால்-எத்தனால் கலவை உறைந்து அழுத்தம் சமமில்லாமல் போய்விட்டது என்று நினைத்துக் கலனையே பிரித்துவிட்டேன். அந்தக் கலவை உறைய 10 ஜிகாபாஸ்கல் வேண்டும். நடந்தது என்னவென்றால், நகர்ந்துகொண்டே வந்த காலியம் ஆர்சனைடின் ஒளிர்வு ரூபியின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் வீண்.

---

உங்கள் பதிவைப் படித்தேன் சார், நான் பார்த்தது அதற்கு நேர் எதிர். மாங்கனீசு கலந்த துத்தநாக சல்பைடு. அழுத்தினால் பட்டை இடைவெளி விரிகிறது, மாங்கனீசின் ஒளிர்வோ குறைந்த ஆற்றல் பக்கம் இறங்குகிறது. கந்தக அணுக்கள் நெருங்கி வந்து அந்த ஒளியைத் தரும் மாங்கனீசின் உள்ளடுக்கு எலக்ட்ரான்களை (டி-எலக்ட்ரான்கள்) இறுக்குவதால் வரும் வினை. பட்டை எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை. ஸ்பெக்ட்ரோமீட்டரே தேவையில்லை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாலே போதும்: முதலில் நல்ல ஆரஞ்சு, 5 ஜிகாபாஸ்கல் தாண்டும்போது சிவப்பு. 15 வாக்கில் படிக அமைப்பே மாறி, ஒளி அணைந்துவிடும். முதல் தடவை லேசர்தான் கெட்டுவிட்டது என்று வயரை எல்லாம் பிடுங்கிப் பார்த்தேன்.

---

இன்னொரு வாசகன் நான்: அழுத்தமானி என்று ரூபியை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே கலன், திருகைத் தொடவே இல்லை, காலையில் ஒரு அளவு, மதியம் 0.1 ஜிகாபாஸ்கல் கூடுதல். காலையில் லேசரைக் குறைத்து வைத்திருந்தேன், மதியம் வேறு யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். ரூபிக் கோடு சூட்டுக்கும் அதே பக்கம்தான் நகரும், ஐந்தாறு டிகிரி ஏறினாலே இவ்வளவு வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு அளவீட்டுக்கும் லேசர் திறனை நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன்.