ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் இருட்டு. போர்டு போச்சா?

நகரி நெசவு:
வீட்டில் நாலு பவர்லூம் ஓடுகிறது. பார்டர் டிசைன் போட ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று, ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்கள் வாங்கி வந்து நானே பூட்டினேன். ரைசன் 5 5600 சிப் (பிராசஸர்), பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒன்று. போர்டிலேயே எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று கிராபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. இப்போது மானிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும்தான். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தும் பார்த்தாயிற்று. இங்கே கடையில் காட்டினால், தெலுங்கில் ஒருத்தர், தமிழில் ஒருத்தர், இரண்டு பேரும் போர்டு போச்சு என்கிறார்கள்.

புத்தூர்க்காரர்:
போர்டு ஓரத்தில் அரிசி அளவுக்கு நாலு விளக்கு இருக்கிறதா பாருங்கள். எது எரிகிறது?

நகரி நெசவு:
விஜிஏ. அணையவே இல்லை அண்ணா.

புத்தூர்க்காரர்:
விஜிஏ விளக்கு என்றால் படம் காட்டும் கிராபிக்ஸ் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்போ போர்டு மேல் பழி போடாதீங்க தம்பி. 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி-யில்தான் உண்டு. கிராபிக்ஸ் உள்ள சிப் போட்டால்தான் பின்னாலிருக்கும் எச்டிஎம்ஐ வேலை செய்யும். இன்டெல்லில் இது தலைகீழ்: பெயர்க் கடைசியில் எஃப் இருந்தால் கிராபிக்ஸ் இல்லை.

நகரி நெசவு:
வாங்கின இடத்தில் 'ஜி'யைவிட இதுதான் வேகம் என்றார்களே!

புத்தூர்க்காரர்:
பொய் சொல்லவில்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், எல்3 கேஷ், 5600-இல் 32 எம்பி, 5600ஜி-யில் 16. ஆனால் அந்த வேகம் தனி கார்டு போடுகிறவருக்கு.

திருத்தணி:
டிசைன் வேலைக்கு 5600ஜி தாராளம், மாற்றிவிடுங்கள். போர்டின் பயாஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) அதை ஏற்கிற வெர்ஷனா என்று மட்டும் முதலில் பாருங்கள். இன்னொரு 8 ஜிபி ராமும் வாங்கி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள். உள் கிராபிக்ஸ் ராமில்தான் பங்கு கேட்கும், ஒற்றை ராம் என்றால் மூச்சு வாங்கும். அப்புறம், தறி ஓடும் லைனில் சொருகவே வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது டியூப்லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்களே.

நகரி நெசவு:
எதிர்வீட்டுப் பையனின் பழைய கார்டைச் சொருகினேன், பயாஸ் திரை வந்துவிட்டது! சிப்பை மாற்றித் தருவார்களாம், பெட்டி பிரித்ததற்கு 800 ரூபாய் கழிப்பார்களாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

புத்தூர்க்காரர்:
சிப் மேலிருக்கும் கூலரை வெடுக்கென்று இழுக்காதீங்க, சூடு கடத்தும் பேஸ்டோடு ஒட்டிக்கொண்டு சிப்பும் சேர்ந்து வந்துவிடும். இதில் பின் எல்லாம் சிப்பின் அடியில்தான், ஒன்று வளைந்தாலும் மாற்றித் தரமாட்டார்கள். அந்தப் பழைய கார்டிலேயே பத்து நிமிஷம் ஓட்டி, சூடானதும் பவரைப் பிடுங்கிவிட்டு, இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள்.