விடிய நாலரைக்கு எங்கள் கடுவன் பூனை என்ன கேட்கிறான்?

வெள்ளவத்தை மாடிவீடு:
வணக்கம். தொடர்மாடியில் 5ஆம் மாடி எங்களுடையது. பொன்னனுக்கு 4 வயது, கடுவன், கருத்தடை செய்தாயிற்று. சத்தமே போடாத பிள்ளை. இப்போது 9 நாளாக விடிய நாலரை மணிக்கு என் கட்டிலடிக்கு வந்து கத்துகிறான். நீட்டி இழுத்து, கடைசியில் குரலை உயர்த்தி. சாப்பாடு வைத்தேன், மணந்து பார்த்துவிட்டு விலகிவிட்டான். தண்ணீர் மாற்றினேன். மடியில் தூக்கினால் குதித்து ஓடுகிறான். அவன் எதையோ சொல்கிறான், எனக்கு விளங்கவில்லை. அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை அக்கா:
தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் மணல் தட்டைப் பாருங்கள். சலம் ஒழுங்காகப் போகிறதா? கடுவனுக்குச் சலக்குழாய் ஒடுக்கம். அது அடைபட்டால் திரும்பத் திரும்பத் தட்டில் போய் இருந்து முக்கும், கத்தும், துளிதான் வரும் அல்லது ஒன்றுமே வராது. அப்படியென்றால் நள்ளிரவானாலும் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. எங்கள் கடுவன் முக்கியபோது மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு பகலை வீணாக்கினோம். நல்ல காலம், தப்பிவிட்டான். இன்னொன்று, குறுகுறு என்று சத்தம் போட்டால் சந்தோஷம்தான் என்று நம்பிவிடாதீர்கள். நோவிலும் அந்தச் சத்தம் வரும்.

வெள்ளவத்தை மாடிவீடு:
நன்றி அக்கா. படித்ததும் பயந்து நேற்றுப் பின்னேரமே மிருக வைத்தியரிடம் காட்டினேன். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு சலப்பையில் பிரச்சினை இல்லை என்றார். மணலும் வழமைபோல நனைந்திருக்கிறது. ஆனால் இன்றும் அதே நேரம், அதே கத்தல்.

வத்தளைத் தம்பி:
எழும்பாமல் படுத்திருங்கள் அக்கா. சில நாளில் விட்டுவிடும்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
தம்பி சொல்வது சாப்பாட்டுக்காகக் கத்தும் பூனைக்குச் சரி. இவன் சாப்பாட்டைத் தொடவில்லையே. என்ன கேட்கிறான் என்று தெரியாமல் காதைப் பொத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தங்கச்சி, சத்தத்தை மட்டும் வைத்து விளங்கப் பார்க்காதீர்கள். வளர்ந்த பூனைகள் ஒன்றோடொன்று மியாவ் என்று கதைப்பது குறைவு. குட்டி தாயிடம் அப்படிக் கத்தும், வளர்ந்த பிறகு மனிதரிடம் கத்தும். தங்களுக்குள் மணம், வால், காது, பார்வை, இவைதான் பெரும்பாலும் பேச்சு. ஆகவே எல்லாப் பூனைக்கும் பொதுவான மியாவ் அகராதி கிடையாது. எந்தக் குரலுக்கு நீங்கள் எழும்பி வருகிறீர்களோ, அதை அவன் பிடித்துக்கொள்வான். 2009இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கரென் மெக்கோம்ப் குழு கண்டது இது: சாப்பாடு கேட்கும் பூனைகள் சில, குறுகுறுப்புக்குள்ளே குழந்தை அழுகையை ஒத்த ஒரு மெல்லிய குரலைக் கலக்கின்றன. பூனை வளர்த்திராதவர்களுக்கும் அது அவசரமாகவே கேட்டதாம்.

நாளைக்கு லைட் போடாமல், ஒன்றும் கொடுக்காமல், அவன் பின்னால் நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறான்? திரும்பி உங்களைப் பார்க்கிறானா? வால் நிமிர்ந்து நின்றால் சிநேகம். வாலைப் படபடவென்று அடித்து, காதைப் பக்கவாட்டில் படிய வைத்தால் எரிச்சல். அப்புறம் யோசியுங்கள், 9 நாளுக்கு முன் வீட்டில் என்ன மாறியது?

வெள்ளவத்தை மாடிவீடு:
அண்ணா, அம்மா! நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனது அன்றைக்குத்தான்.

இன்று பின்னால் போனேன். குசினிப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பல்கனிக் கதவடியில் போய் நின்று, வாலை நிமிர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். திறந்ததும் அம்மாவின் பிளாஸ்டிக் கதிரைக்குக் கீழே போய்ப் படுத்தான். கத்தல் நின்றுவிட்டது. அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். "ஓம், நாலரைக்குத் தேத்தண்ணியோட நான் அங்கதானே இருப்பன். அவனும் வந்து கீழ படுப்பான். நீ நித்திரை, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை.

தெஹிவளை அக்கா:
வாசிக்கவே சந்தோஷம். ஆனால் 5ஆம் மாடி, பல்கனிக்கு வலை இருக்கிறதா? குருவியைக் கண்டால் பூனை உயரம் பார்க்காது.

பக்கத்தில் இருக்கும்போது அவனை உற்றுப் பார்க்காமல், கண்ணை மெதுவாகப் பாதி மூடித் திறந்து காட்டுங்கள். இதையும் சசெக்ஸ் ஆட்கள் 2020இல் சோதித்தார்கள். அப்படிச் செய்தவரைப் பார்த்து பூனைகளும் கண்ணைச் சுருக்கிக் காட்டின. புது ஆளாக இருந்தாலும் நீட்டிய கைக்குக் கிட்ட வந்தன.

வெள்ளவத்தை மாடிவீடு:
வலை இருக்கிறது அக்கா, ஒரு மூலையில் தளர்ந்திருந்தது, இன்று கட்டிவிட்டேன். கதிரையில் இருந்து கண்ணை மூடித் திறந்தேன். முதல் தரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தரம் அவனும் மெதுவாக மூடித் திறந்தான். அம்மா வரும்வரை நாலரைத் தேத்தண்ணி என்னுடையது.