தாராவியில் தோல் பை பட்டறை நடத்தும் மாமா லோக்சபாவுக்கு நிற்க நினைக்கிறார், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தாராவி பையன்:

எல்லோருக்கும் வணக்கம். என் தாய்மாமா திருநெல்வேலிப் பக்கத்து கிராமத்திலிருந்து சின்ன வயதில் பம்பாய் வந்தவர். தோல் பதனிடும் இடத்தில் கூலிக்குச் சேர்ந்து, தையல் கற்று, இப்போது சொந்தமாகப் பை, பெல்ட், பர்ஸ் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். கீழே சின்னக் கடை, மேலே தகரக் கூரைக்கு அடியில் காரிகர்கள் (கைவினைத் தொழிலாளர்கள்) உட்கார்ந்து தைப்பார்கள். 2015ல் மாட்டிறைச்சித் தடை வந்து தோல் வரத்து குறைந்தபோதும், அப்புறம் ஜிஎஸ்டி, கொரோனா என்று அடி மேல் அடி விழுந்தபோதும் பட்டறையை மூடாமல் ஓட்டியவர்.

இப்போது தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புக்கு சர்வே எடுத்தார்கள். 1.1.2000க்கு முன்னால் இருந்ததற்கு ஆதாரம் உள்ள தரைத்தளத்துக்காரர்களுக்குத் தாராவியிலேயே இடம், மாடியில் இருப்பவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் மும்பைக்குள் வேறு எங்கேயோ என்கிறார்கள். மாமாவின் கடைக்கு இடம் கிடைத்தாலும் பட்டறை எங்கே போகும்? தோல் கடை, பக்கிள் கடை, தையல் ஆள், பை வாங்க வரும் பார்ட்டி எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. அதைக் கேட்க எங்களில் ஒருவன் பார்லிமென்டில் இருக்க வேண்டும், நானே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். தாராவி சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி என்பதால் நாங்கள் அதில் நிற்க முடியாது. மும்பை தென் மத்தியத் தொகுதி பொதுத்தொகுதி. அதில் சுயேச்சையாக நிற்பது அவருடைய யோசனை. மாமி பணத்தை நினைத்துப் பயப்படுகிறார். எனக்கு மாமா சொல்வது நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் நடைமுறை எதுவும் தெரியவில்லை. அவருடைய ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இங்கே நிற்க முடியுமா? என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

சயான் கணக்கர்:

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். லோக்சபாவுக்கு 25 வயது முடிந்த இந்தியக் குடிமகனாக, நாட்டின் ஏதாவது ஒரு மக்களவைத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். திருநெல்வேலி வாக்காளர் மும்பையில் நிற்கலாம், அங்குள்ள வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலை மனுவோடு வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் படிவம் 8 கொடுத்து ஓட்டை இங்கே மாற்றிவிடச் சொல்லுங்கள். ஓட்டே இங்கே இல்லாதவர் எங்களிடம் எப்படி ஓட்டு கேட்கிறார் என்று எதிர்த்து நிற்பவர் கேட்டால் பதில் இருக்காது. சுயேச்சைக்கு 10 பேர் முன்மொழிய வேண்டும், அந்தப் பத்துப் பேரும் இந்தத் தொகுதி வாக்காளராக இருந்தே ஆக வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேர் ஓட்டை ஊரிலேயே வைத்திருப்பதால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 12,500. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். 2024ல் இந்தத் தொகுதியில் விழுந்தது 8 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, அப்படியென்றால் 1.3 லட்சம் ஓட்டு வேண்டும். அந்தப் பணம் திரும்பி வராது என்று நினைத்தே கட்டச் சொல்லுங்கள்.

தாராவி தனித்தொகுதி என்று எழுதியிருந்தீர்கள், அதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சட்டமன்றத் தனித்தொகுதியில் அந்த மாநிலப் பட்டியலில் உள்ள சாதியைச் சேர்ந்தவர்தான் நிற்கலாம். அதனால் ஊரிலிருந்து கொண்டு வந்த சாதிச் சான்றிதழ் மட்டும் வைத்திருக்கும் நம் ஆதிதிராவிடக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தாராவியில் வாழ்ந்தும் அதை வைத்து அங்கே நிற்க முடியாது. லோக்சபா தனித்தொகுதிக்கு எந்த மாநிலப் பட்டியல் சாதியாக இருந்தாலும் சரி. மும்பையின் ஆறு லோக்சபா தொகுதிகளும் பொது என்பதால் உங்கள் மாமாவுக்கு இது பிரச்சினை இல்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

90 அடி ரோடு:

நான் இதே தொழில்தான். சட்டத்தை விட்டுவிட்டுக் கடையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் தேர்தல் முடிந்த மறுநாளும் பட்டறைக்குப் பூட்டைத் திறக்க வேண்டும்.

மனுவோடு படிவம் 26 என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் மாமா, மாமி, அவர்களை நம்பியிருப்பவர்கள் எல்லோருடைய சொத்து, நகை, கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, கடைசி ஐந்து வருட வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் எல்லாம் வரும். அது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் தொழிலே உதாரியில், அதாவது கடனுக்குச் சரக்கு வாங்கி ஓடுகிறது. எவ்வளவு கடன் இருக்கிறது என்று தோல் கொடுப்பவன் பார்த்தால் அடுத்த மாலுக்குக் கையில் காசு கேட்பான். செக் திரும்பி வந்து யாராவது வழக்குப் போட்டிருந்தால் அதுவும் குற்ற வழக்குதான், பத்திரத்தில் எழுத வேண்டும், அதோடு பிரசார நாட்களில் மூன்று முறை செய்தித்தாளிலும் டிவியிலும் சொந்தச் செலவில் விளம்பரம் செய்ய வேண்டும். இதற்காக நிற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாக் கணக்கையும் இப்போதே சரிசெய்து, கடன் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, மத்திய அரசுக்கு நேரடியாகப் பை, பெல்ட் சப்ளை செய்யும் ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் லோக்சபாவுக்கு நிற்கத் தகுதி போய்விடும். முதலில் அதைப் பாருங்கள்.

மாட்டுங்கா பெரியவர்:

என் அப்பா கிங்ஸ் சர்க்கிளில் சின்ன ஓட்டல் வைத்திருந்தார். 1966ல் சிவசேனா தொடங்கிய பிறகு லுங்கிக்காரர்களை (தென்னிந்தியர்களை அப்படித்தான் சொன்னார்கள்) விரட்டு என்று கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போன நாட்களை நான் பார்த்திருக்கிறேன். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வியாபாரம் செய்தோம். அதனால் இந்தப் பையனின் மாமா நிற்க நினைப்பதே எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் சுயேச்சையாக நிற்பதை நான் ஏற்கவில்லை.

கிருஷ்ண மேனன் மலையாளி, 1957லும் 1962லும் வடக்கு பம்பாயில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தவர், நாட்டின் பாதுகாப்பு மந்திரியாக இருந்தவர். 1967ல் காங்கிரஸ் சீட்டு மறுத்து, சுயேச்சையாக நின்றதும் இதே ஊர் அவரைத் தோற்கடித்தது. நம் ஆள் ஜெயித்ததற்கும் உதாரணம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த தமிழ்ச்செல்வன் சயான் கோலிவாடாவில் 2014, 2019, 2024 மூன்று முறையும் எம்எல்ஏ ஆகியிருக்கிறார். அது பாஜக சின்னத்தில். அவருடைய கட்சி எனக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம், ஒரு கட்சியின் பூத் ஆட்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. 2024ல் நாடு முழுவதும் ஜெயித்த சுயேச்சைகள் 7 பேர். மகாராஷ்டிரத்தில் ஜெயித்த ஒருவர் சாங்லியில் முன்னாள் முதலமைச்சரின் பேரன். முதலில் மாநகராட்சிக்கு நிற்கட்டும், 227 வார்டு இருக்கிறது, ஒரு வார்டை நடந்தே சுற்றி வந்துவிடலாம்.

வடாலா அக்கா:

பெரியவரின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் மாநகராட்சி போதும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மாமா கேட்கும் விஷயத்தில் நிறைய மாநில அரசின் கையில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தாராவித் திட்டத்துக்கு மாட்டுங்கா பக்கம் ரயில்வே நிலம் எடுத்திருக்கிறார்கள், மக்களைக் குடியேற்றக் கேட்டிருக்கும் உப்பளங்கள் மத்திய அரசுடையவை. ரயில்வேயையும் உப்பள நிலத்தையும் பற்றிக் கேள்வி எழுப்பும் இடம் பார்லிமென்ட்தான். எம்பிக்குத் தொகுதி வளர்ச்சி நிதி வருடத்துக்கு 5 கோடி. இதைவிட முக்கியமாக, தைக்கிற கையும் தோலும் பற்றித் தெரிந்தவர் ஒருவர் அந்தச் சபையில் பேசுவது எனக்கு வேண்டும். வரி விகிதத்தைத் தீர்மானிப்பவர்களுக்குத் தகரக் கூரைக்கு அடியில் ஒரு பர்ஸ் எப்படி உருவாகிறது என்று யார் சொல்வது?

வெளியூர்க்காரர் என்ற பேச்சுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்ரீ தானேதார் பெல்காம் பக்கத்து மராத்திக்காரர், 1979ல் படிக்க அமெரிக்கா போய், ரசாயன ஆய்வுக்கூடம் வாங்கி வளர்த்தவர். 2018ல் மிச்சிகன் கவர்னர் பதவிக்குக் கட்சிக்குள் போட்டியிட்டுத் தோற்று, அப்புறம் மாநில சபைக்குப் போய், 2022ல் டெட்ராய்ட் பகுதியிலிருந்து அமெரிக்க காங்கிரஸுக்கே ஜெயித்தார். அவரைப் பற்றி என் மராத்தி அண்டை வீட்டார் பெருமையாகப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். அதே மனதோடு திருநெல்வேலிக்காரரையும் பார்க்கச் சொல்லி நாம் வெளிப்படையாகக் கேட்கலாம், அதுவும் மராத்தியில் கேட்க வேண்டும். மாமாவுக்கு மராத்தி மேடையில் பேச வருமா? தமிழ் ஓட்டு மட்டும் எங்கேயும் போதாது. தொகுதியில் அணுசக்தி நகர், செம்பூர், மாகிம், வடாலா எல்லாம் இருக்கின்றன. கும்பார்வாடா குஜராத்திக் குயவர்களுக்கும், பிஹார், உ.பி. காரிகர்களுக்கும் இதே பட்டறைக் கவலைதானே, அவர்களோடு சேர்ந்து நிற்கட்டும்.

தாராவி பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாமாவிடம் படித்துக் காட்டினேன். மராத்தி நன்றாகவே பேசுவார், பாதிக் காரிகர்கள் பிஹாரிகள் என்பதால் இந்தியும் சரளம். மத்திய அரசு ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒரு செக் வழக்கு இருக்கிறது, சமாதானமாக முடிக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். மாநகராட்சி யோசனையை மாமி உடனே பிடித்துக்கொண்டார், மாமா இன்னும் இறங்கி வரவில்லை. செலவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள், கடைக் கணக்கிலிருந்தே எடுத்துச் செலவழிக்கலாமா?

சயான் கணக்கர்:

கூடவே கூடாது. மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்னால் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், எல்லாச் செலவும் அதிலிருந்துதான் போக வேண்டும். ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் லோக்சபா வேட்பாளரின் உச்சவரம்பு 2024 தேர்தலில் 95 லட்சமாக இருந்தது, உங்களுக்கு அந்தக் கவலை வராது. ஆனால் ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும். தோற்ற சுயேச்சைகள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், மூன்று வருடம் எதிலும் நிற்க முடியாமல் தகுதி நீக்கம் செய்துவிடுவார்கள். மாமி கணக்கு எழுதுவாரென்றால் அவரிடமே அந்த நோட்டைக் கொடுங்கள். படிவம் 8ஐ இந்த வாரமே போட்டுவிடுங்கள், ஆதார் முகவரி ஊரில் இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.