பழைய முதுகுவலியைக் காட்டி லாரி விபத்து இழப்பீட்டை மறுக்க முடியுமா?

கேள்வி – மேலூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு வயது 47. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை எடுத்து, கடைகளுக்குக் கொண்டுசேர்ப்பது அவருடைய தொழில். நான்கு மாதங்களுக்கு முன்பு, விடியற்காலையில் ஒத்தக்கடை அருகே மொபெட்டில் சென்றுகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி மோதித் தள்ளியது. இடுப்பு முதுகெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இன்று ஒரு குடம் தண்ணீரைக்கூட அவரால் தூக்க முடியவில்லை.

2019இல் அவருக்கு டிஸ்க் விலகல் இருந்தது உண்மை. மாத்திரையிலும் பயிற்சியிலும் குணமாகி, அதன்பின் ஒருநாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து வந்தவர், ‘இது பழைய நோய், வழக்கு நிற்காது’ என்று கூறி, ஒரு சிறு தொகைக்குக் கையெழுத்துக் கேட்கிறார். உறவினர் ஒருவரோ, பழைய ஸ்கேனை வெளியில் காட்டவே வேண்டாம் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில் – வழக்கறிஞர், மதுரை

தம்பி, முதலில் எதிலும் கையெழுத்திட வேண்டாம். அடுத்தது காலக்கெடு: 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதங்களே மீதம் உள்ளன.

உடம்பில் ஏற்கெனவே ஒரு பலவீனம் இருந்தது என்பதற்காக, மோதியவரின் பொறுப்பு நீங்கிவிடாது. பழைய நோயினால் வந்த குறைக்கு அவர்கள் பொறுப்பல்லர். விபத்தினால் புதிதாக வந்ததற்கும், அடங்கியிருந்தது மோசமானதற்கும் பொறுப்பாவார்கள். ஆகவே விபத்துக்கு முன்பு அவரால் என்ன முடிந்தது, இப்போது என்ன முடியவில்லை என்பதுதான் வழக்கின் உயிர்நாடி.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாகக் கொள்ளாமல், அந்த ஊனம் பாதிக்கப்பட்டவருடைய தொழிலை எவ்வளவு பாதித்தது என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இடக்கையை இழந்த தச்சருக்கும் அலுவலக எழுத்தருக்கும் இழப்பு ஒன்றல்ல. உங்கள் தந்தை சுமை தூக்கிப் பிழைப்பவர் என்பது இங்கே மிகவும் முக்கியம்.

கணக்கு புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மாத வருமானம் 15,000 ரூபாய், வருமான இழப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால், ஆண்டு வருமானம் 1,80,000. சுயதொழில் செய்யும் 47 வயதினருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்த்தால் 2,25,000. அதில் 30 சதவீதம் 67,500. இந்த ஆண்டு இழப்பை, வயதைப் பொறுத்து அமையும் ‘பெருக்கு எண்’ணால் பெருக்குவார்கள்; அந்த வயதுக்கு அது 13. ஆக 8,77,500 ரூபாய். மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் இதற்கு மேல். உங்களிடம் நீட்டப்பட்ட தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் – பிசியோதெரபிஸ்ட், திருமங்கலம்

விபத்துக்குப் பின் உடனடியாக எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். புதிய முறிவு என்றால் எலும்புக்குள் நீர்க்கோர்வை தெரியும். மாதங்கள் செல்லச் செல்ல அது மறைந்துவிடும். 2019 படத்தை அதனருகே வைத்தால் எது பழையது, எது புதியது என்பதை மருத்துவரால் விளக்க முடியும். அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் டிஸ்க் தேய்மானம் படத்தில் தெரிவதுண்டு.

பதில் – உசிலம்பட்டி வாசகர்

ஸ்கேனை மறைக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். என் தாயாருடைய வழக்கில், பழைய மூட்டுவலியைச் சொல்லாமல் விட்டோம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பழைய மருந்துச் சீட்டு ஒன்றை நீட்டி, ‘இது யாருடைய பெயர்?’ என்று கேட்டபோது, அம்மாவுக்குக் கை நடுங்கியது. அதன்பின் அவர் சொன்ன உண்மைகளும் எடுபடவில்லை. அந்தச் சீட்டை நாங்களே முதலில் கொடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் தீரவில்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பீரோவைத் தேடியபோது, பூக் கமிஷன் கடையின் சிட்டைகள் நூலில் கோத்தபடி கிடைத்தன. அப்பா எடுத்த பூவின் எடை நாள்வாரியாக உள்ளது. கடைசிச் சிட்டை விபத்துக்கு முந்தைய நாளுடையது, 40 கிலோ. அதையும் 2019 ஸ்கேனையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை வழக்கறிஞரைப் பார்க்கச் செல்கிறோம்.