ஆய்வுகளைக் கூட்டிப் பார்க்கப் போய்ப் பட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

நெடுங்கேணியான்:
கல்வி முதுமாணிக்காக வாசிப்புப் பயிற்சி பற்றிய 14 ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் முடிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் மெட்டா பகுப்பாய்வு செய்திருந்தேன். வவுனியாவில் ஒரு பட்டறை. வந்திருந்த புள்ளிவிபரவியல் பேராசிரியரிடம் சாப்பாட்டு நேரத்தில், ஒவ்வொரு முடிவையும் ஒரு கோடாகக் காட்டும் ஃபொரஸ்ட் வரைபடத்தை நீட்டினேன். முடிவை அவர் பார்க்கவே இல்லை. விரலால் கோடுகளை எண்ணினார். 19. ஒரே ஆய்வேட்டிலிருந்து வாசிப்பு, எழுத்து, கேட்டல் என்று ஆறு விளைவளவு, அதாவது பயிற்சியால் எவ்வளவு மாற்றம் என்ற எண், எடுத்திருந்தேன். எல்லாம் அதே பிள்ளைகள். அந்த ஆறு கோட்டையும் உள்ளங்கையால் மூடினார். "தம்பி, இது ஆறு பேரின்ரை சாட்சி இல்லை. ஒராள் ஆறு தரம் சொன்னது." கைக்கு வெளியே மிஞ்சியவை பெரும்பாலும் பூச்சியத்தை வெட்டிக்கொண்டு கிடந்தன, பயன் உண்டென்று உறுதியாகச் சொல்ல முடியாதவை. அன்றிரவே ஐந்தை நீக்கிவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்று இன்னும் மனம் அரிக்கிறது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
சரியில்லை. மிச்சம் வைத்தது எது, பெரியதா? நீக்கத் தேவையே இல்லை. ஹெட்ஜஸ், டிப்டன், ஜோன்சன் 2010இல் தந்த முறையில் ஆறையும் வைத்துக்கொண்டே நியம வழுவை, அதாவது மதிப்பீடு எவ்வளவு தளம்பும் என்ற அளவை, சரிசெய்யலாம். 14 ஆய்வு குறைவுதான், டிப்டனின் 2015 சிறு மாதிரித் திருத்தத்தையும் சேருங்கள்.
எனக்குப் பட்டது வேறு. இரண்டு வகுப்பு, 60 பிள்ளைகள் என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், அந்த ஒற்றுமை 0.2 என்றாலே கணக்கு மாறும் என்று புள்ளிவிபரவியல் தெரிந்த ஓர் அம்மா கரும்பலகையில் போட்டார்: 1 + 29 × 0.2 = 6.8. வகுப்புக்கு 30 பேர், அதில் ஒன்றைக் கழித்தால் 29. 60ஐ 6.8ஆல் வகுத்தால் ஒன்பது பேரின் கனம்தான். அந்த 60 பேருக்கும் நானே பென்சில் சீவிக் கொடுத்திருந்தேன்.

மாங்குளம் சந்தி:
என்னுடையது சின்னக் கதை. மாலை வகுப்பால் பயன் தெரியவில்லை என்று முடிந்த என் ஆய்வேடு அலுமாரியில் கிடந்தது. பல வருடம் கழித்து, மெட்டா பகுப்பாய்வு செய்யும் ஒருவர் போன் எடுத்தார். "அண்ணை, நியம விலகல் இருக்கோ?" புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவைத்தான் கேட்டார். அச்சில் சராசரி மட்டும்தான். புள்ளித் தாள்களைக் கறையான் தின்றுவிட்டது. என் பிள்ளைகள் கணக்கில் சேரவில்லை.
இப்போது எழுதுகிறவர்கள் ஒவ்வொரு குழுவுக்கும் எத்தனை பேர், சராசரி, நியம விலகல் மூன்றையும் அட்டவணையில் போடுங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை பாடசாலை என்பதையும் விடாதீர்கள், ரீச்சர் சொன்ன கணக்குக்கு அது வேண்டும். பயனில்லை என்று வந்தாலும் பூட்டி வைக்க வேண்டாம். உளவியலாளர் ரோசென்தால் 1979இலேயே இழுப்பறைச் சிக்கல் என்று எழுதியது இதைத்தான். நல்லதாக வந்தவை மட்டும் வெளியே வந்தால் கூட்டு விளைவு ஊதிப்போகும். புள்ளிகளைப் பெயர் நீக்கி ஒரு கோப்பாக்கி, இரண்டு இடத்தில் வையுங்கள். அப்புறம் நெடுங்கேணியான், நீக்கிய அந்த ஐந்தும் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?